கூண்டு வேண்டா, கொல்லையில் பூச்செடி வேண்டும்



தைப்பிங் மழையூர். தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் இஃது ஒன்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை இங்குப் பொழிகின்றது. மழை மிகுந்த ஊரில் மரஞ்செடி கொடிகள் தழைக்கும். அவை தழைத்த இடத்தில் பூவும் கனியும் புழுவும் பூச்சியும் பெருகும். அவற்றை நாடிப் பறவைகள் வரும். ஒருபுறம் புக்கிட் லாருட் மலைக்காடு, மறுபுறம் மாத்தாங் சதுப்புநிலக் காடு, நடுவே ஏரிப்பூங்கா, சுற்றிலும் தோட்டங்கள். இத்தனை வகை நிலமும் அடுத்தடுத்து அமையப்பெற்றது நம் பேறாகும்.

ஆகவே, பறவைகளைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவை நம் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. வந்த விருந்தை நாம் எவ்வாறு நடத்துகின்றோம் என்பதே வினா. சிலர் லாஸ்டிக் என்னும் கவணைக் கொண்டு கல்லெறிகின்றனர். சிலர் கண்ணி வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைக்கின்றனர். மிகப் பலர் ஏறெடுத்தும் பாராமல் கடந்து செல்கின்றனர். இம்மூன்றும் நீங்க நான்காவது வழி ஒன்று உண்டு. வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்கு வேண்டிய உணவையும் நீரையும் மறைவிடத்தையும் அமைத்துவிட்டு, தொல்லை கொடாமல் விலகி நின்று பார்ப்பதே அவ்வழி. அதனை ஒவ்வொரு வீடும் கைக்கொள்ள வேண்டும் என்பதே யாம் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

ரீங்காரச்சிட்டும் தேன்சிட்டும்

பூவின் முன்னே அந்தரத்தில் நின்று, சிறகுகள் கண்ணுக்குப் புலனாகாத விரைவில் அடித்துக்கொள்ள, நீண்ட அலகால் தேனருந்தும் குருவியைத் தொலைக்காட்சியிலும் படநூல்களிலும் நம் பிள்ளைகள் கண்டிருப்பர். அதுதான் ஹம்மிங் பறவை எனப்படும் ரீங்காரச்சிட்டு. அதில் ஏறத்தாழ 360 வகைகள் உள்ளன. பறவை இனங்களுள் மிகச் சிறியதும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கியூபாத் தீவில் வாழும் அச்சிறு பறவையின் எடை ஏறத்தாழ இரண்டு கிராம்தான். முன்னும் பின்னும் பறக்க வல்லது அக்குலம்.

ஆயினும், ரீங்காரச்சிட்டு வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலன்றி வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. இங்கு ஒரு வியப்பைக் கூற வேண்டும். நமக்குச் சோறு போட்ட பால்மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் அதன் கன்றுகள் நடப்பட்டன. ஈய லம்பமாக இருந்த நிலத்தில் 1880-ஆம் ஆண்டளவில் உருவாகிய நம் ஏரிப்பூங்காவில், நீரைத் தொடுமாறு கிளை தாழ்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் தாயகமும் அவ்வமெரிக்க மண்ணே. மரங்கள் கடல் கடந்து வந்தன. அந்தச் சிட்டு வரவில்லை.

அப்படியாயின், நம் வீட்டுச் செம்பருத்தியில் வந்து மொய்க்கும் சிறு குருவி எது? அது தேன்சிட்டு. ஆப்பிரிக்கா தொடங்கி ஆசியா வழியே ஆஸ்திரேலியா வரையில் பரவியுள்ள வேறொரு குலம் அது. ரீங்காரச்சிட்டு, வானில் ஓயாது பறந்து திரியும் உழவாரன் குருவிக்கு உறவு. தேன்சிட்டோ கிளையில் அமர்ந்து பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. குலம் வேறாயினும் தொழில் ஒன்றாகையால், இரண்டிற்கும் நீண்ட அலகும் தேனுறிஞ்சும் நாவும் மின்னும் நிறமும் அமைந்தன. தேன்சிட்டும் சிறிது நேரம் அந்தரத்தில் நிற்கும். எனினும், காம்பில் அமர்ந்து உண்பதையே அது விரும்பும்.

நம் கொல்லைகளில் காணக்கூடியவை சில. மார்பு மஞ்சளாகவும் தொண்டை கருநீலமாகவும் மின்னுவது ஒரு வகை. அதன் பெட்டைக்குக் கருநீலம் இராது. தொண்டை பழுப்பாகவும் முதுகு பச்சையும் ஊதாவுமாகவும் ஒளிர்வது மற்றொரு வகை. அவற்றினும் செக்கச் சிவந்த தேன்சிட்டைக் கண்டவர் அந்நாளை எளிதில் மறவார். வாழைப்பூவைச் சுற்றி வரும், அலகு மிக நீண்ட சிலந்திபிடிப்பானும் அதே குடும்பத்ததே. அமெரிக்கச் சிட்டு நம்மிடம் இல்லையே என்று ஏங்க வேண்டா. அதற்கு ஈடான அழகு நம் வேலியில் நாள்தோறும் வந்து அமர்கின்றது.

சர்க்கரை நீரா, செம்பருத்தியா?

அமெரிக்க நாட்டில் பல இல்லங்களில், சர்க்கரை கரைத்த நீரைப் புட்டியில் நிரப்பிச் சாளரத்தருகே தொங்கவிடுகின்றனர். நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை என்பது அவர்தம் அளவு. சிவப்புச் சாயம் கலத்தல் ஆகாது. தேனைக் கரைத்து வைத்தலும் ஆகாது. அது விரைவில் பூஞ்சை பிடித்துப் பறவைக்கு நோய் தரும். அப்புட்டிகளுக்கு ரீங்காரச்சிட்டுகள் திரண்டு வருகின்றன. தேன்சிட்டும் இத்தகைய நீரைப் பருகவே செய்யும்.

இதனைத் தவறென்று யாம் கூறவில்லை. ஆயினும், நம் ஊருக்கு ஏற்றது இஃதன்று என்பது எம் கருத்து. ஏன்? முதலாவது, நம் வெப்பத்தில் சர்க்கரை நீர் ஒரே நாளில் புளிக்கத் தொடங்கும். நாள்தோறும் புட்டியைக் கழுவி மாற்ற வேண்டும். ஒரு வாரம் ஆர்வத்தோடு செய்துவிட்டு மறுவாரம் மறந்துவிட்டால், விருந்துக்கு அழைத்து நஞ்சிட்ட கதையாகும். இரண்டாவது, எறும்பும் குளவியும் மொய்க்கும். மூன்றாவதே முதன்மையானது. தேன்சிட்டு தேனை மட்டும் உண்டு வாழ்வதன்று. தன் குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது சிறு பூச்சிகளையும் சிலந்திகளையுமே. சர்க்கரையால் குஞ்சு வளராது. செடி இருந்தால் பூவும் இருக்கும்; பூவைத் தேடி வரும் பூச்சியும் இருக்கும்; கூடு கட்டக் கிளையும் இருக்கும். புட்டி தருவது ஒன்று. செடி தருவது மூன்று.

செலவைப் பார்த்தாலும் செடியே மேல். செம்பருத்திக்குப் பணம் வேண்டா. ஒரு சாண் நீளமுள்ள கொம்பை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் போதும். நம் மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நம் நாட்டின் தேசிய மலராகிய பூங்கா ராயா இச்செம்பருத்தியே. இட்லிப்பூ என்று நாம் வழங்கும் வெட்சி, கல்வாழை, முருங்கை, வாழை ஆகிய அனைத்தும் தேன்சிட்டுக்கு உகந்தவை. இவற்றுள் பல நமக்கும் உணவாவன. இடம் இருப்பின் ஒரு செரி மரம் வையுங்கள். அதன் சிறு சிவப்புப் பழங்களைத் தேடிக் கொண்டைக்குருவியும், முதுகு சிவந்த குட்டிப் பூக்கொத்தியும் காலை முதல் மாலை வரை வந்த வண்ணம் இருக்கும். பப்பாளி பழுத்தால் எல்லாவற்றையும் பறித்துவிடாமல் மரத்தில் ஒன்றை விட்டு வையுங்கள். மஞ்சள் உடலும் கண்ணோரம் கருமைக் கோடும் கொண்ட மாங்குயில் அதனை நாடி வரக்கூடும்.

தேன்சிட்டின் கூட்டைப் பார்த்தவர்கள் அதன் திறனை அறிவர். நாரும் சருகும் சேர்த்து, சிலந்தி நூலால் பிணைத்து, பை போலத் தொங்கவிடப்பட்ட கூடு அது. பக்கவாட்டில் ஒரு சிறு வாயில் இருக்கும். பெட்டையே அதனைக் கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். மனிதர் நடமாடும் முன்வாசலிலும், தொங்கும் பூந்தொட்டியிலும், துணி காயவைக்கும் கம்பியிலுங்கூட அச்சமின்றிக் கட்டிவிடும். முட்டை பொரிந்து குஞ்சு பறந்து செல்ல ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் அக்கம்பியில் துணி போடாதிருத்தல் நமக்குப் பெரிய இழப்பன்று. கூட்டைத் தொட்டுப் பார்த்தலும், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுதலும் கூடா. அடிக்கடி நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுச் செல்லவும் கூடும். ஒட்டடைக் கோலுக்கும் சற்று ஓய்வு கொடுங்கள். கொல்லைப்புறத்துச் சிலந்தி வலையே அதன் நூற்கண்டு. பூச்சிமருந்து அடித்துவிட்டுப் பறவை வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

சோறு வைக்கும் வழக்கம்

பறவைக்கு உணவிடுதல் நமக்குப் புதிதன்று. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பர். வீட்டில் சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு வாரி இறைத்துவிட்டு மகிழ்ந்தார் பாரதியார் என்னும் செய்தியும் நாம் அறிந்ததே. உண்ணுமுன் காக்கைக்கு ஒரு பிடி வைத்தல், அரிசி மாவினால் கோலமிடுதல், நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுதல் ஆகிய யாவும் நம் முன்னோர் கடல் கடந்து வரும்போது உடன் கொண்டுவந்த செல்வங்கள்.

இவ்வழக்கம் போற்றத்தக்கது. ஆயினும், அதனை இன்றைய நிலைக்கேற்ப அறிவோடு செய்ய வேண்டும். ஒரு பிடி வேறு. ஒரு பானை வேறு. மிஞ்சிய சோற்றையும் கறியையும் கால்வாயோரம் கொட்டுவது பறவைக்கு இடும் படையலாகாது. அஃது எலிக்கு இடும் விருந்தாகும். எலி பெருகினால் எலிக்காய்ச்சலும் வரும். ஆதலின், காலையில் ஒரு பிடி அரிசியோ நெல்லோ மேடையொன்றில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவே போதும். எஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். உப்பும் மசாலையும் எண்ணெயும் கலந்த உணவு ஆகாது. சிட்டுக்குருவியும் மணிப்புறாவும் மைனாவும் வரும். நம் ஊர்ச் சிட்டுக்குருவியை உற்று நோக்குங்கள். கன்னத்தில் ஒரு கரும்புள்ளி தெரியும். தமிழ்நாட்டு வீடுகளில் வாழும் சிட்டுக்குருவிக்கு அப்புள்ளி இல்லை. இரண்டும் உறவினமே, ஒரே இனமல்ல.

நீரும் வைக்கலாம். அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் ஆழம் நீர் போதும். பறவைகள் குடிக்கும், குளிக்கும். ஆனால், அந்நீரை நாள்தோறும் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவுதல் கட்டாயம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். கொசுப் புழு வளரவிடுவது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். பறவையை அழைக்கப் போய் டிங்கிக் காய்ச்சலை அழைத்துவிடலாகாது.

உணவிடுவதிலும் அளவு வேண்டும் என்பதற்கு லங்காவித் தீவு ஒரு பாடம். அங்கே சுற்றுலாப் பயணிகள் மகிழும்பொருட்டுப் படகிலிருந்து கோழித்தோலை எறிந்து பருந்துகளை வரவழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. இயல்பாக வேட்டையாடும் பறவை எறிந்ததைப் பொறுக்கும் பறவையாகிவிடும் என்று இயற்கை ஆர்வலர் அதனைக் கண்டித்தனர். நாம் பார்த்து மகிழ்வதற்காகப் பறவையின் இயல்பைக் கெடுத்தல் விருந்தோம்பல் ஆகாது.

காக்கையின் வரலாறும் எண்ணத்தக்கது. ஊர்க்காக்கை இந்நாட்டுப் பழம்பறவையன்று. காப்பித் தோட்டங்களில் இலை தின்னும் புழுக்களை ஒழிப்பதற்காக, 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்கு அது கொண்டுவரப்பட்டது. காப்பித் தோட்டங்கள் மறைந்தன, காக்கைகள் பெருகின. பின்னர் அவற்றைச் சுட்டு வீழ்த்த ஆட்களை அமர்த்தும் நிலையும் கிள்ளானில் ஏற்பட்டது. வேலைக்கென்று அழைத்து வந்து, வேலை முடிந்தபின் தொல்லை என்று கூறும் வழக்கத்தைத் தோட்டத்து மக்களாகிய நாம் நன்கு அறிவோம். காக்கையைப் பழிக்குமுன், குப்பையைத் திறந்து வைப்பவர் யார் என்று கேட்போமாக.

கூண்டும் கவணும்

இனி, கசப்பான செய்திக்கு வருவோம். நம் நாட்டில் பறவைக்கு அதன் பாட்டே பகையாகிவிட்டது. இனிய குரலுள்ள பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வளர்த்துப் போட்டிகளில் பாடவைத்தல் இங்குப் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. மெர்போக் என்னும் சிறு புறாவும், முராய் பத்து என்னும் காட்டுப் பாடகனும் அதற்கென்றே தேடப்படுகின்றன. பாராவ்-பாராவ் என்று மலாயில் வழங்கும், மஞ்சள் தலையுடைய பெரிய கொண்டைக்குருவி ஆற்றோரங்களில் பாடித் திரிந்தது. கூண்டு வணிகத்திற்காக ஓயாது பிடிக்கப்பட்டதால், 2018-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிகக் கடும் அழிவு நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. பாட்டை விரும்பியோரே பாட்டை ஒழித்தனர் என்று கூறின் மிகையாகாது.

சட்டம் இதனைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக மேலும் கடுமையான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. 2022-இல் அதன் தண்டனைகள் மேலும் உயர்த்தப்பட்டன. காக்கப்பட்ட பறவையை உரிமமின்றிப் பிடித்தலும் வைத்திருத்தலும் குற்றம். எனினும், அச்சத்தால் விளையும் ஒழுக்கத்தினும் அன்பால் விளையும் ஒழுக்கம் நிலையானது. அதனைப் பிள்ளைப் பருவத்திலேயே விதைத்தல் வேண்டும்.

கையில் கவணேந்தும் சிறுவனைக் கண்டால் அவனை வெறுத்து ஒதுக்க வேண்டா. அவனிடம் கூர்ந்த கண் இருக்கின்றது, பொறுமை இருக்கின்றது, பறவை எங்கு அமரும் என்னும் அறிவு இருக்கின்றது. அவற்றைத் திசைதிருப்பினால் போதும். இதற்குச் சான்று ஒருவர் வாழ்க்கை. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு வியந்து, அஃது எந்தக் குருவி என்று கேட்டார். அவ்வினாவோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த செயலாளர் மில்லார்டு என்பவர் அவரைக் கடியவில்லை. அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று விளக்கி, கழகத்தில் சேகரித்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் வளர்ந்தது. 1987-இல் மறையும்வரை இந்தியாவின் தலைசிறந்த பறவையறிஞராக அவர் விளங்கினார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனின் வினாவிற்குப் பொறுமையோடு விடை கூறியதன் பயன் அது. நம் பிள்ளைகளுள்ளும் ஒரு சாலிம் அலி இருக்கக்கூடும். அவருடைய முதல் வினாவிற்கு விடை கூற வேண்டியவர்கள் நாமே.

ஆந்தை தீயதன்று

தோட்டத்துப் பெரியோரிடம் சிறப்பாக ஒன்றை வேண்டிக்கொள்கின்றோம். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று நாம் கேட்டு வளர்ந்தோம். அதனால் ஆந்தையைக் கண்டால் விரட்டுகின்றோம், கல்லால் அடிக்கின்றோம். ஆனால், செம்பனைத் தோட்டங்களில் கூகை என்னும் வெண்முக ஆந்தையை மரப்பெட்டி வைத்து வரவேற்கின்றனர். செம்பனைக் குலையைக் கடித்து அழிக்கும் எலிகளே அதன் இரை. குஞ்சுகளோடு கூடிய ஒரு குடும்பம் ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்றுவிடும். மேற்கு மலேசியாவில் 1960-களின் இறுதிவரை அரிதாக இருந்த அப்பறவை, செம்பனையும் எலியும் பெருகிய பின்னர், கூட்டுப்பெட்டிகளின் துணையால் நாடெங்கும் பரவியது. எலிக்கு நஞ்சு வைத்தால், அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் மாளும். நஞ்சைக் குறைத்து ஆந்தையை வளர்ப்பது தோட்டத்திற்கும் நன்று. நஞ்சைக் கையால் அள்ளி வைக்கும் தொழிலாளிக்கும் நன்று. நம் உடல்நலத்தைக் காக்கும் பறவையைச் சாவின் தூதென்று பழித்தல் நன்றி மறப்பதாகும்.

எழக்கூடிய தடைகள்

"வயிற்றுப்பாட்டிற்கே அல்லற்படும் நமக்குப் பறவை பார்த்தல் ஒரு கேடா?" என்று சிலர் வினவலாம். நேர்மையான வினாவே. ஆனால், யாம் கேட்பது பணத்தையன்று. ஒரு செம்பருத்திக் கொம்பு, ஒரு மண்சட்டி நீர், ஒரு பிடி அரிசி, காலையில் பத்து மணித்துளி. இவற்றை ஈய இயலாத வீடு இல்லை. மேலும், இன்பம் செல்வர்க்கே உரியது என்று எந்த நூலும் விதிக்கவில்லை. விடியுமுன் நிரையில் இறங்கிப் பால் வெட்டிய நம் தாய்மார்க்கு, குண்டுக்கரிச்சானின் சீழ்க்கையொலி கட்டணமில்லாக் கச்சேரியாக இருந்தது.

"அடுக்குமாடியில் குடியிருக்கின்றோம், கொல்லைக்கு எங்கே போவது?" என்பார் வேறு சிலர். இவ்வினாவில் ஒரு துயரமும் பொதிந்துள்ளது. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனையாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாயின. லயத்து வீட்டின் பின்னே முருங்கையும் வாழையும் வளர்த்த குடும்பங்கள், சிமெண்டுத் தரையிட்ட சிறு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. பறவைகளுக்கும் அதுவே நேர்ந்தது. இரு திறத்தாரும் ஒரே வேளையில் இடம் இழந்தவர்களே. ஆயினும், பழைய பால்மாவுத் தகரத்தில் ஓர் இட்லிப்பூச் செடி வளரும். மூன்றாம் மாடியின் நடைவழியில் அது பூத்தாலும் தேன்சிட்டு ஏறி வரக்கூடும். வீட்டு முற்றம் முழுவதற்கும் சிமெண்டு பூசுமுன் ஒரு முழ அகல மண்ணையாவது விட்டு வைக்குமாறு பெற்றோரை வேண்டுகின்றோம்.

"நான் ஒருவன் செய்து என்ன ஆகும்?" என்பது மூன்றாவது தடை. தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த பொத்தகுடி என்னும் சிற்றூரில் 2020-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். தெருவிளக்குகளின் பொத்தான் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. விளக்கைப் போட்டால் கூடு கலையும் என்பதால், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை ஒரு மாதத்துக்கு மேலாகத் தெருவிளக்கை ஏற்றாமலே இருந்தனர் அவ்வூர் மக்கள். அவர்கள் செல்வர்களல்லர்; உழைத்து வாழும் எளிய மக்கள். வேடந்தாங்கல் மக்களோ, தம் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று 1798-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடம் உறுதி ஆவணம் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரமாயிற்று. அறமும் பயனும் அங்கே கைகோத்து நின்றன. ஓர் ஊர் செய்தது என்பதன் பொருள், ஒவ்வொரு வீட்டாரும் செய்தனர் என்பதே.

பார்க்கக் கற்போம், பெயர் சொல்லக் கற்போம்

பறவை பார்த்தலுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. அசையாது நிற்கக் கற்றல் முதற்படி. காலை ஏழு முதல் ஒன்பது வரையிலும், மழை விட்ட மாலையிலும் பறவைகள் மிகுதியாக வரும். ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், நேரம், வானிலை, பறவையின் அளவு, நிறம், அலகின் வடிவு, என்ன செய்தது ஆகியவற்றை எழுதுங்கள். சிட்டுக்குருவியைவிடப் பெரிதா, மைனாவைவிடச் சிறிதா என்று ஒப்பிட்டு எழுதுவது எளிது. ஓராண்டு எழுதினால் ஓர் உண்மை புலப்படும். ஏறத்தாழ செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு ஏப்ரல் வரையில் சில புதிய முகங்கள் தோன்றும், பின்னர் மறைந்துவிடும். அவை வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி வரும் வலசைப் பறவைகள். நகரத்து மின்கம்பிகளில் மாலையில் வரிசையாக அமரும் தகைவிலான் குருவிகளும் அவற்றுள் அடங்கும்.

கிரியான் மாவட்டத்துக் கோல குலாவில் அவ்வலசைப் பறவைகள் சேற்றுநிலத்தில் திரளாக இறங்கும். குலா என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சர்க்கரை என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரியான் வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். அம்மண் நமக்கும் வரலாறு உடைய மண். அங்கே 1980-களில் நூற்றுக்கு மேற்பட்டு வாழ்ந்த பால்நிற நாரைகள், பின்னர் விரல்விட்டு எண்ணும் அளவிற்குக் குறைந்துவிட்டன. எண்ணி எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் அவ்விழப்பு உலகிற்குத் தெரிந்தது. உங்கள் குறிப்பேடும் நாளை ஒரு சான்றாகலாம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். மணிப்புறாவை நம் பிள்ளைகள் தெக்குக்கூர் என்றும், குண்டுக்கரிச்சானை முராய் என்றும் அறிவர். நாட்டு மொழியை அறிதல் நன்றே. ஆனால், தமிழில் அவற்றின் பெயர் என்ன என்று கேட்டால் "குருவி" என்ற ஒரே சொல் வருகின்றது. மாங்குயில், தையல்சிட்டு, செம்போத்து, மீன்கொத்தி, தூக்கணாங்குருவி, இருவாசி, கீச்சான் என்று நம் மொழி ஒவ்வொன்றிற்கும் பெயர் சூட்டி வைத்திருக்கின்றது. பறவை மறைந்தால் பெயர் மறையும். பெயர் மறந்தால் பறவை மறைந்ததைக்கூட நாம் அறியமாட்டோம். எனவே, குறிப்பேட்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று பெயர்களையும் எழுதுங்கள். பாட்டி, தாத்தாவிடம் கேளுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த அவர்களுக்கு நூலில் இல்லாத செய்திகளும் தெரியும்.

நிறைவாக, பெற்றோரிடமும் மாணவரிடமும் யாம் வேண்டுவன மூன்றே. வீட்டுக்கு ஒரு பூச்செடியேனும் நடுக. கூண்டிலுள்ள காட்டுப் பறவையை விலை கொடுத்து வாங்காதீர். வாங்குவோர் இல்லையேல் பிடிப்போரும் இரார். பிள்ளையின் கையிலுள்ள கவணை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் குறிப்பேடும் பென்சிலும் கொடுங்கள். பள்ளி வேலியோரத்திலும் செம்பருத்தி நடுவோம். அங்கு வரும் பறவைகளை மாணவர் எண்ணி எழுதட்டும். அடுத்த ஆண்டு மலரில் அப்பட்டியல் இடம்பெறட்டும்.

வாழ்க தைப்பிங்! வளர்க அதன் பசுமை! பாடுக அதன் பறவைகள்!